குதிரை கணக்குப் போட்டதா?



கணக்குப் பாடத்தில் எக்ஸ், ஒய் என்று 'மாறி' படிக்கிறோம் அல்லவா? மனசை ஆராய்கிற உளவியல் சோதனையிலும் மாறிகள் உண்டு. நாம் வேண்டுமென்றே மாற்றுவது ஒரு மாறி. அதனால் என்ன ஆகுது என்று அளப்பது இன்னொரு மாறி. இந்த இரண்டும் போக, கூப்பிடாமலே உள்ளே வந்து முடிவைக் கெடுக்கிற மாறிகளும் இருக்கு. அவைதான் புறமாறிகள்.

இதோ ஓர் உண்மைக் கதை!

ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் வான் ஆஸ்டன் என்ற ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். தன் குதிரை ஹான்ஸுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "இரண்டும் மூன்றும் எத்தனை?" என்றால் அது காலால் 5 தடவை தட்டும்! வேற ஆள் கேட்டாலும் சரியாகத் தட்டும். 1904-இல் 13 பேர் கொண்ட குழு வந்து பார்த்தது. ஏமாற்று வேலை எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

1. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரை பெரும்பாலும் தப்பாகத் தட்டியது.
2. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி குதிரையின் கண்ணுக்கு மறைப்புப் போட்டார். அப்பவும் தப்பு!

காரணம் என்ன? சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை துளியூண்டு நிமிரும். அது அவருக்கே தெரியாது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முடிவு தப்பு! இதை ஃபுங்ஸ்ட் 1907-இல் புத்தகமாக வெளியிட்டார்.

புறமாறியைத் தடுப்பது எப்படி?

* இடம், நேரம், சத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்.
* யார் எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கணும்.
* யார் எந்தக் குழு என்பது சோதிக்கிறவருக்கும் தெரியக் கூடாது.

காலையில் படிச்சா நினைவில் நிற்குமா, ராத்திரி படிச்சா நிற்குமா என்று சோதிக்கிறோம்னு வைங்க. ராத்திரி படிச்சவங்க வீட்டில் கரண்ட் போச்சு, பக்கத்து வீட்டில் டிவி சத்தம் என்றால், நாம் அளந்தது நினைவாற்றலை அல்ல, இருட்டையும் சத்தத்தையும்தான்!

ஒருத்தி மார்க் கம்மியா வாங்கினா உடனே 'மக்கு' என்கிறோம். அவள் பசியோட வந்தாளா, கடைசி பெஞ்சில் இருந்து போர்டு தெரிஞ்சுதா என்று கேட்டோமா? பரீட்சையும் ஒரு சோதனைதானே! அதிலும் புறமாறி உண்டு.

சிந்திப்போம்! பிறகு சொல்வோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி