உத்தரவாதம் முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களில் தறியின் ஓசை நமக்குப் பழகிய ஓசை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அங்கேயே தறியை நிறுத்துவார். அறுந்த இழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்வார். சேலை முழுவதும் நெய்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிடுவதில்லை. தொழிலில் இத்துணைக் கவனமுள்ள நாம், கடன் பட்டு வாங்கிய காரின் விஷயத்தில் மட்டும் அக்கவனத்தை மறந்துவிடுகிறோம். அதன் விளைவு என்ன?

பிள்ளையார்பாளையத்தில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். சேலைகளைச் சென்னைக்குக் கொண்டு செல்லவும், முதிய தந்தையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வங்கிக் கடனில் ஒரு கார் வாங்குகிறார்கள். மூன்று ஆண்டு அல்லது ஒரு இலட்சம் கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். இரண்டாம் ஆண்டிலேயே எஞ்சினில் ஏதோ சத்தம். சர்வீஸ் நிலையத்தில் சொன்னால், "ஒன்றுமில்லை, ஓடஓடச் சரியாகிவிடும்" என்று வாய்வார்த்தையாய் ஒரு பதில். உத்தரவாதம் முடிந்த மூன்றாம் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே கார் நின்றுவிடுகிறது. "எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்க வேண்டும், ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ஆகும், வாரண்டி முடிந்துவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை" என்கிறார் விற்பனையாளர். வங்கித் தவணையோ இன்னும் தீரவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணத்தை எடுப்பதா, அவருடன் வழக்காடுவதா? இக்கேள்வி பல வீடுகளில் எழுவதே.

உத்தரவாதம் என்பது யாது? குறித்த காலத்துள் பழுதாகும் பாகத்தை விலையின்றிச் சீர்செய்து தருவதாக உற்பத்தியாளர் தரும் வாக்குறுதியே அது. அவ்வாக்குறுதியின் சொற்களுக்கு அப்பால் அதை நீட்ட முடியாது. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு இதையே தெளிவாக்கிற்று. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகவே உத்தரவாதம் கூறுவதால், கார் முழுவதையும் மாற்றித் தரவேண்டும் என்ற ஆணை நிலைக்காது என்று அது தீர்ப்பளித்தது.

ஆயினும், உத்தரவாதம் முடிந்த நாளோடு வாங்கியவரின் உரிமைகள் யாவும் முடிந்துவிடுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. பொருளில் உள்ள குறைபாடும், சேவையில் நேர்ந்த குறைபாடும் இச்சட்டத்தின் கீழ் முறையிடத் தக்கவை. உத்தரவாதக் காலத்திலேயே சொல்லப்பட்ட கோளாற்றைச் சரிவரப் பார்க்காமல் அனுப்பியிருந்தால், அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. எஞ்சின் எப்போது நின்றது என்பதைவிட, பழுது எப்போது தொடங்கியது, எதனால் தொடங்கியது என்பவையே முதன்மையான கேள்விகள்.

இங்கேதான் நம் குடும்பம் தடுமாறுகிறது. இரண்டாம் ஆண்டில் சத்தத்தைப் பற்றிச் சொன்னதற்கு எழுத்து எங்கே? வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. சர்வீஸுக்கு விடும்போது எழுதப்படும் ஜாப் கார்டில் "எஞ்சினில் சத்தம்" என்ற இரு சொற்களை எழுதச் செய்து, அதன் நகலை வாங்கி வைத்திருந்தால், இன்று அதுவே பெருஞ்சான்றாக நின்றிருக்கும்.

நியாயம் எப்போதும் நம் பக்கமே என்றும் எண்ணிவிடலாகாது. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் உள்ளிருக்கும் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடும். ரேடியேட்டரில் நீர் வற்றி வெப்பம் ஏறியதைக் காட்டும் விளக்கைக் கண்டும் ஓட்டினால் கேஸ்கட் எரிந்துபோகும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் குறித்த காலத்தில் அதை மாற்றத் தவறினால், அது அறுந்து, பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இவை நம் கவனக்குறைவால் நேர்ந்திருப்பின் விற்பனையாளரைப் பழிப்பது முறையன்று.

வெளியிடத்தில் பழுது பார்த்ததாலேயே உரிமை போயிற்று என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை முற்றிலும் நீக்கும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் கூறிற்று. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

இனி, கார் பட்டறையில் கிடக்கும்போது செய்யத் தக்கவை எவை? எஞ்சினைப் பிரிக்கும் முன்பே மதிப்பீட்டையும், பழுதின் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். கழற்றிய பாகங்களைப் பழைய இரும்போடு போட விடாமல், நம்மிடம் ஒப்படைக்கக் கோர வேண்டும். தொடர்பற்ற ஒரு தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு பரிசோதித்து அறிக்கை பெறுவது நலம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதை வாய்ப்பேச்சு முடிவு செய்வதில்லை, சோதனையே முடிவு செய்கிறது. எஞ்சினுக்கும் அதுவே நியதி. சோதனையின்றிக் குறைபாட்டை அறிய முடியாதபோது பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்திலேயே வழியுண்டு. அதற்கான கட்டணத்தை முறையிடுபவர் செலுத்த வேண்டும்.

பட்டறையில் சினந்து பேசிப் பயனில்லை. உழைப்புக்கான கூலி கிடைக்கும்வரை வண்டியை நிறுத்தி வைக்க, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பழுது பார்த்தவருக்கு உரிமை தருகிறது. வண்டி உடனே தேவையெனில், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி, பிறகு முறையிடலாம்.

முதலில் விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புக. பலனில்லையெனில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதன் பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 இலட்சம் வரை எனில் கட்டணமே இல்லை. 5 முதல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவரை அவ்விதி விலக்குவதில்லை. சேலை சுமந்து செல்லும் நம் நெசவாளர் இதை மறக்கலாகாது.

இக்குடும்பத்துக்கு முழு நீதி கிட்டுமா என்று நாம் உறுதி கூற இயலாது. எழுத்தில் உள்ள சான்று குறைவு. எனினும் பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தேடி எடுத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்றில் அந்தச் சத்தத்தைப் பற்றிய குறிப்பு இருக்கக்கூடும். ஆகவே, வாசகர்களே, இன்று மாலையே உங்கள் காரின் தாள்களை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். உத்தரவாதம் முடியும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியை முழுமையாகச் சோதிக்கச் செய்து, கண்ட குறைகளை எழுத்தில் வாங்குங்கள். இழை அறுந்த அன்றே பிணைப்பவருக்குச் சேலை கெடுவதில்லை.