எலும்பு சிமெண்டில் எவ்வளவு மருந்து?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் செயற்கை மூட்டை எலும்புக்குள் அசையாமல் இருத்துவது எலும்பு சிமெண்ட். பெயர்தான் சிமெண்ட்; உண்மையில் அது பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் இனம். 40 கிராம் பொடியில் 20 மில்லி திரவத்தை ஊற்றிக் குழைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும்பும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் எலும்புக்குள் திணித்துவிட வேண்டும். சில நிமிடங்களில் அது சூடேறி இறுகிவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரையும் ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பொடியோடு கலந்து பயன்படுத்திய அனுபவத்தை ஹாம்பர்க் நகர மருத்துவர் புக்ஹோல்ட்ஸ், எங்கெல்பிரெஹ்ட்டுடன் சேர்ந்து 1970-ல் வெளியிட்டார். கிருமி குடியேறக்கூடிய இடத்திலேயே மருந்தையும் வைத்துவிடுவதுதான் யோசனை.

இப்படிக் கலந்த மருந்து முழுவதும் வெளியே வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இறுகிய அக்ரிலிக்கில் தண்ணீர் ஆழமாக ஊறுவதில்லை. மேற்பரப்பிலும் அதை ஒட்டிய நுண்துளைகளிலும் இருக்கும் மருந்துத் துகள்களே கரைகின்றன. முதல் சில நாட்களில் வேகமாக வெளியேறி, பிறகு வாரக்கணக்கில் மிகக் குறைவாகக் கசிகிறது. பெரும்பாலான சோதனைகளில் வெளிவந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே எவ்வளவு கலந்தோம் என்பதைவிட, மேற்பரப்பு எவ்வளவு விடுகிறது என்பதே கணக்கு. இந்தச் சொற்ப அளவுக்கும் பலன் இருப்பதாகத் தெரிகிறது: நார்வேயின் மூட்டு மாற்றுப் பதிவேட்டில், ஊசி மருந்தும் சிமெண்ட் மருந்தும் சேர்ந்து கிடைத்த இடுப்பு மூட்டு நோயாளிகளுக்கே மறு அறுவை குறைவாக இருந்தது. பதிவேடு காரணத்தை நிரூபிக்காதுதான். ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய சான்று அல்ல.

அப்படியானால் மருந்தைக் கூட்டினால் என்ன? கரைந்துபோன துகள் ஒவ்வொன்றும் ஒரு துளையை விட்டுச்செல்கிறது; அளவு மிஞ்சினால் சிமெண்டின் வலு குறையும். பலனும் நிச்சயமில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், இரண்டு மருந்துகளை அதிக அளவில் கலந்த சிமெண்ட், வழக்கமானதைவிட ஆழமான தொற்றைக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. நீண்ட நாள் சொட்டும் குறைந்த அளவு மருந்து கிருமிகளை எதிர்ப்புக்குப் பழக்கிவிடும் என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. ஜென்டமைசின் சிமெண்ட் வைத்த மூட்டுகளில் அந்த மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் கிடைத்திருக்கின்றன. இதற்கு முழுப் பதில் இல்லை. குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளவே இதுவும் ஒரு காரணம். கணக்கு மாறுவது, ஏற்கெனவே தொற்றிய மூட்டைக் கழற்றிவிட்டு வைக்கும் தற்காலிக சிமெண்ட் துண்டுகளில்தான். அவை ஆயுளுக்கும் பாரம் சுமக்கப்போவதில்லை என்பதால் மருந்தைத் தாராளமாகக் கலக்கிறார்கள். அங்கே வேறு கவலை: ரத்தத்தில் கலக்கும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், அதைக் காட்டிக்கொடுக்கும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.