ரெண்டு பட்டம் ரெடி... அடுத்த ஃப்ளைட் எங்கே?

ஒரு நிமிஷம், நீங்க 22 வயசு சட்ட மாணவர்னு வெச்சுக்கோங்க. முதல் ரெண்டு வருஷம் லண்டன் கிங்ஸ் காலேஜ். அடுத்த ரெண்டு வருஷம் பாரிஸ் 1 பாந்தியோன்-சோர்போன் பல்கலைக்கழகம். இரண்டும் சேர்ந்து நடத்தும் இந்த நாலு வருஷப் படிப்பின் முடிவில் இங்கிலாந்தின் எல்.எல்.பி. ஒரு கையில், பிரெஞ்சு சட்டத்தில் மாஸ்டர் முதலாண்டுத் தகுதி மறு கையில். ஆனாலும் லண்டனிலோ பாரிஸிலோ ஒரு கட்சிக்காரருக்காக வக்கீலாக ஆஜராக முடியாது. பட்டம் வேற, லைசென்ஸ் வேற!

இந்த நேரம் பார்த்துதான் சீனியர் யாராவது, "அமெரிக்காவில் ஒரு எல்.எல்.எம். போட்டுடு, லைஃப் செட்டில்" என்பார். கொஞ்சம் பொறுங்க பாஸ்.

முதலில் உங்ககிட்ட என்ன சரக்கு இருக்குன்னு பாருங்க. ஒரு கம்பெனியை வாங்க ஆறு மாசம் பேரம் பேசறீங்க. கடைசி நாளில் காரணமே சொல்லாமல் கழண்டுக்கறீங்க. இங்கிலாந்தில் இதற்காக உங்களை கோர்ட்டுக்கு இழுப்பது ரொம்பக் கஷ்டம். பேரம் பேசுகிறவர் தன் நலனைத்தான் பார்ப்பார், நல்லெண்ணக் கடமை என்று பொதுவாக எதுவும் இல்லை என்பது 1992-ல் வால்ஃபோர்டு - மைல்ஸ் வழக்கின் தீர்ப்பு. பாரிஸுக்குப் போனால் கதையே வேற. சிவில் கோடின் 1112-வது பிரிவு, பேச்சுவார்த்தையிலேயே நல்லெண்ணம் கட்டாயம் என்கிறது. தப்பான முறையில் முறித்துக்கொண்டால் நஷ்டஈடு உண்டு. ஆனால் ஒப்பந்தம் நடந்திருந்தால் வந்திருக்கக்கூடிய லாபத்தைக் கேட்க முடியாது. ஒரே பேரத்தை ரெண்டு கண்ணாலும் பார்க்கத் தெரிந்தவர் நீங்க. (புதுச்சேரி நண்பர்களுக்கு இந்தச் சிவில் கோடு ஒன்றும் புதுசில்லை!)

பரீட்சை எழுதும் விதம்கூட வேற. லண்டனில் ஒரு சிக்கலைக் கொடுத்து, "கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்" என்பார்கள். பாரிஸில் கட்டுரைக்கு ரெண்டு பாகம், ஒவ்வொரு பாகத்துக்கும் ரெண்டு உட்பிரிவு. மூணாவது பாகம் எழுதினால் புருவம் உயரும்.

இப்போ அந்த எல்.எல்.எம். விஷயத்துக்கு வருவோம். ஒரு வருஷப் படிப்பு. ஹார்வர்டு மாதிரி இடங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலருக்கு மேல். சாப்பாடு, வாடகை எல்லாம் தனி. வேறு நாட்டில் சட்டம் படித்தவருக்கு அது என்ன தருகிறது? நியூயார்க் பார் தேர்வு எழுத ஒரு வழி. அந்த எல்.எல்.எம்.மில் குறைந்தது 24 கிரெடிட் இருக்கணும், சில பாடங்கள் கட்டாயம். தேர்வில் பாஸானாலும் 50 மணி நேரம் இலவச சட்டப் பணி செய்த பிறகுதான் பதிவு. ஆக, நியூயார்க்கில் தொழில் செய்யப்போகிறவருக்கு அது நியாயமான செலவு. இங்கிலாந்து மாதிரி நாட்டில் மூணு வருஷம் முழுசாகச் சட்டம் படித்தவருக்கு எல்.எல்.எம். இல்லாமலே கதவு திறக்க வாய்ப்பு உண்டு. உங்க கதை ரெண்டு வருஷம் லண்டன், ரெண்டு வருஷம் பாரிஸ். அதை அவர்கள் எப்படி எண்ணுவார்கள்? நியூயார்க் தேர்வு வாரியத்திடமே எழுதிக் கேளுங்க. பணம் கட்டின பிறகு இல்லை, முன்னாடியே!

லண்டனில் சொலிசிட்டர் ஆகணுமா? 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தேர்வும் ரெண்டு வருஷ வேலை அனுபவமும்தான் பாதை. எல்.எல்.எம். தேவையே இல்லை. பாரிஸில் வக்கீல் ஆகணும்னா விஷயம் தலைகீழ். 2023-ல் வந்த சட்டத்தால், 2025 முதல் மாஸ்டர் ரெண்டு வருஷமும் முடித்தாகணும். உங்ககிட்ட இருப்பது முதல் வருஷம் மட்டும். ஹார்வர்டு எல்.எல்.எம். அந்த ரெண்டாவது வருஷத்தைத் தானாக நிரப்பிவிடாது. இத்தனைக்கும் பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஒன்றிய மாணவருக்கு அந்த வருஷத்துக்கான கட்டணம் சில நூறு யூரோதான்!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். மூணாவது நாட்டுக்கு டிக்கெட் போடுகிறவர்களில் பலர், "லண்டனா, பாரிஸா?" என்ற கேள்வியை ஒரு வருஷம் தள்ளிப்போடத்தான் போகிறார்கள். திரும்பி வந்ததும் அதே கேள்வி ஏர்போர்ட்டிலேயே காத்திருக்கும், இந்தத் தடவை கடனோடு.

ஒரு துறை மேல் உண்மையிலேயே காதல் இருந்தால் கணக்கு மாறும். விண்வெளிச் சட்டமா, நெதர்லாந்தின் லெய்டன். வரிச் சட்டமா, நியூயார்க் பல்கலைக்கழகம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டமா, பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் இருக்கும் ஐரோப்பியக் கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். பேரில்தான் 'பேச்சலர்', உண்மையில் அது முதுநிலைப் படிப்பு. பேரைப் பார்த்து ஒதுக்கிடாதீங்க.

நம்ம ஊருக்குத் திரும்பி கறுப்பு கவுன் போடும் ஆசையிருந்தால் இதையும் கவனிக்கணும். ப்ளஸ் டூ முடித்து நேராக வெளிநாட்டில் சட்டம் படித்த இந்தியக் குடிமகனுக்கு, ஐந்து வருஷப் படிப்பு வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008-ம் வருஷ விதி. நாலு வருஷ இரட்டைப் பட்டம் அதில் ஒரு வருஷம் குறைகிறது. "எல்.எல்.எம். சேர்ந்தா கணக்கு சரியாயிடும்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், பார் கவுன்சிலிடமிருந்து எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு பைசா கட்டாதீங்க.

சரி, யோசித்து எல்.எல்.எம்.தான் என்று முடிவு பண்ணிட்டீங்களா? அப்போ மார்க் பட்டியலைக் கொஞ்சம் பாருங்க. பாரிஸில் 20-க்கு 14 என்றால் நம்ம கணக்கில் 70 சதவிகிதம்தானே என்று தோணும். அங்கே சட்ட வகுப்பில் அது கெத்தான மார்க்! அதை விண்ணப்பத்தில் விளக்கி ஒரு வரி எழுதுங்க.

சிபாரிசுக் கடிதம்தான் நிஜத் தலைவலி. பெரிய ஆம்ஃபிதியேட்டரில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியருக்கு உங்க முகமே தெரியாது. சின்ன வகுப்பு எடுக்கிறவர்தான் உங்க கட்டுரையைத் திருத்தியவர், உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். பல அமெரிக்கக் கல்லூரிகளின் கடைசித் தேதி டிசம்பரிலேயே வந்துவிடும். அக்டோபரிலேயே அவர் வகுப்பு முடிந்து பையை மூடும்போது பக்கத்தில் போய் நில்லுங்க.