பழைய டெக்கை மீண்டும் ஓடவைக்க

வீட்டு வீடியோ கேசட் கருவிக்குத் தமிழ்நாட்டில் டெக் என்று பெயர். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த விஎச்எஸ் முறையில்தான் பெரும்பாலான டெக்குகள் இயங்கின. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன்பின் டி.வி.யையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்ப்பது ஊர்தோறும் வழக்கமாயிற்று. கல்யாணமும் காதுகுத்தும் கோயில் திருவிழாவும் கேசட்டில் பதிவாயின. குறுந்தகடு வந்ததும் டெக் பரணேறியது. இவ்வகைக் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கடலோர ஊர்களில் டெக்குக்கும் கேசட்டுக்கும் ஆயுள் இன்னும் குறைவு. எடுத்துக்காட்டாக, கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பழவேற்காடு ஏரி என மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்தது காட்டுப்பள்ளி. இப்படிப்பட்ட ஊரில் உப்புக் காற்று பின்களில் களிம்பேற்றும். ஈரம் நாடாவில் பூஞ்சை பிடிக்கவைக்கும். இங்கே டெக்கைச் சோதிக்கும்போது மின்சாரம், வயர், ஹெட், நாடா என்ற வரிசையில் போவது நல்லது.

முதலில் மின்சாரம். கருவியின் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கும் ஆனவை. நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிப் பகுதியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

அடுத்தது இணைப்பு. மஞ்சள் பின் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒற்றை ஒலி மட்டுமே தரும் டெக்காக இருந்தால் வெள்ளை மட்டும் போதும். டெக்கின் 'அவுட்' துளையிலிருந்து டி.வி.யின் 'இன்' துளைக்கு வயர் போக வேண்டும். இதை மாற்றிச் செருகியதாலேயே பழுதென்று கடைக்குப் போன கருவிகள் ஏராளம். இன்றைய எல்.இ.டி. டி.வி.க்கள் பலவற்றில் மஞ்சள் துளை தனியாக இல்லை. பச்சைத் துளையே அதற்கும் சேர்த்து வேலை செய்யும். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள டி.வி.க்கு, ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சிறு பெட்டி வேண்டும். படம் வந்து நிறம் வரவில்லை என்றால் வண்ண முறை பொருந்தவில்லை என்று பொருள்: இந்தியாவில் பால், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி. பின்களில் பச்சைக் களிம்பு தெரிந்தால் துடைத்துவிட்டுச் செருகினாலே படம் தெளியலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் திரை முழுக்கப் புள்ளி அடித்தால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு இருக்கிறது. ஹெட் பதிந்த உருளை, பால் முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அரை அங்குல அகல நாடா அதைச் சாய்வாகச் சுற்றி ஓடும். நாடாவிலிருந்து உதிரும் தூள் ஹெட்டின் நுண்ணிய இடைவெளியை அடைத்துவிடுகிறது. கருவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வழவழப்பான தாளை உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மேலிருந்து மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும். பஞ்சும் ஆகாது, அதன் இழை மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட்டைப் போட வேண்டும். படத்தின் குறுக்கே மட்டும் பட்டை ஓடினால் டிராக்கிங் குமிழைத் திருகிப் பார்த்தால் போதும்.

கேசட் உள்ளே போகாமலோ, போனது வெளியே வராமலோ இருந்தால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். நாடா சிக்கினால், நாடாவை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலரோ, நாடாவைச் சுற்றி இழுக்கும் ரப்பர் சக்கரமோ இறுகி வழுக்குகிறது. பலம் போட்டு இழுக்காமல், மூடியைத் திறந்து நாடாவை விடுவிக்க வேண்டும். மழைக்காலத்தில் 'டியூ' என்று எழுத்துக் காட்டி டெக் ஓட மறுத்தால் அது பழுதல்ல. உருளையில் ஈரம் படிந்திருக்கிறது. மின்சாரம் கொடுத்து ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டால் காய்ந்துவிடும்.

கடைசியாக நாடா. கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அத்தகைய கேசட்டையும் வெள்ளத்தில் நனைந்ததையும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்ல கேசட்டுகளை முழுதும் சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கலாம்.

பழுது பார்த்த டெக்கில் முதலில் வேண்டாத படக் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். அது சிக்காமல் ஓடினால், அடுத்துப் போட வேண்டியது வீட்டுக் கல்யாணக் கேசட். அதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினியில் அன்றே பதிந்துவிடுங்கள். கடைப் படங்களுக்கு வேறு பிரதி கிடைக்கக்கூடும். வீட்டுக் கேசட்டுக்கு அது ஒன்றுதான் பிரதி.