அடுக்களையே முதற் பள்ளி



அண்மையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தின்முன் அமர்ந்து தேம்பிக் கொண்டிருந்தாள். ‘அ’ எழுத வரவில்லை என்று தாய் அடித்துவிட்டார். “அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதுகிறானே, சாமி!” என்பது அத்தாயின் ஏக்கம்.

குற்றம் குழந்தையினுடையதன்று. மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன; ஆண்டுகள் பல சென்ற பின்னரே முற்றும் உறுதி பெறுகின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் இசைந்து இயங்கப் பழகாத கையில் பென்சிலைத் திணிப்பது, தளர்நடை பயிலும் பிள்ளையை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அங்ஙனமாயின் கைக்குரிய பயிற்சி யாது? இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே குழந்தைகள் பொத்தான் மாட்டினர், துடைத்தனர், உணவு பரிமாறினர். இத்தகைய வேலைகளில் பழகிய கை எழுத்துக்கும் ஆயத்தமாவதை அம்மையார் கண்டார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நம் அடுக்களையே போதும். முருங்கைக் கீரையை உருவும்போதும், பட்டாணியை உரிக்கும்போதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இணைந்து பழகுகின்றன. கோதுமை மாவு பிசைகையில் உள்ளங்கை வலுப்பெறுகிறது. ஆறிய மாவில் கொழுக்கட்டை பிடிக்கையில் இரு கைகளும் ஒத்துழைக்கின்றன. கரண்டியால் பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுகையில் மணிக்கட்டு திரும்பப் பழகுகிறது.

ஆயினும் அடுப்பும் அரிவாள்மணையும் எட்டாத் தொலைவில் இருத்தல் வேண்டும். பட்டாணி, கடலை போன்றவை தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். ஆதலால் பெரியவர் ஒருவர் அருகிருந்து கவனித்தல் இன்றியமையாதது. மாவு சிந்தினால் சினவாதீர்கள்; துடைப்பதும் பயிற்சியே. ஆண்பிள்ளைகளுக்கும் இவ்வேலை உரியதே.

இவற்றை அத்தாயிடம் எடுத்துரைத்தோம். நாம் விடைபெறுமுன் அவர் நோட்டை மூடிவிட்டு, கீரை முறத்தை மகளின்முன் வைத்தார். சிறுமி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முதற் காம்பை உருவினாள். எழுத்து உரிய காலத்தில் வரும், பெற்றோரே! அதுவரை அப்பிஞ்சு விரல்களை அடியாதீர்கள். அவற்றிற்கு வேலை கொடுங்கள்.