முட்டும் மாறிவரும் காலநிலையும்

என் அம்மாவுக்கு நெடுநாளாய் முட்டு வருத்தம். முன்னர் மார்கழிப் பனிக்குத்தான் இழுக்கும். இப்போது சித்திரை வெயிலிலும் இரவிரவாக எழுந்து உட்கார்ந்திருக்கிறா. "காலம் பிழைச்சுப் போச்சுது" என்பா. அது வெறும் வயோதிபப் பேச்சல்ல.

2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் புயலின் காற்று, இந்தியாவின் மாசடைந்த காற்றையும் எமது பக்கம் தள்ளி வந்தது. யாழ்ப்பாணத்தில் வானமே மங்கிக் கிடந்தது. டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். ஒரு தனிப் புயலைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடல் சூடேறச் சூடேறப் புயல்களுக்கு வலுக் கூடுகிறது. வரட்சி நீண்டால் புழுதி. வெள்ளம் வடிந்தால் ஈரச் சுவரில் பூஞ்சணம். இரண்டும் முட்டுக்காரருக்குப் பகை.

காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கால் அவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடிவரை சென்று சுவாசக் குழாய்களை வீங்கச் செய்யும்.

இதே துகள்கள்தான் எங்கள் குசினிப் புகையிலும் இருக்கின்றன. இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள்ளேயே அடுப்பு மூட்டினோம், வேறு வழியிருக்கவில்லை. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினார்கள். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஊதி ஊதி அடுப்பெரிப்பவர்கள் நாங்கள்தானே! விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். புகை போக வழி விடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, புகுந்த வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று பம்மை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "பழகினால் விடேலாது" என்ற கதை இன்னும் உலாவுகிறது. அது பிழை. பம்மில் அடிக்கும் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குளிசையிலும் பார்க்கக் குறைந்த அளவே போதும். இழுப்பு வராமல் தடுக்கும் பம்மை, சுகமாக இருக்கும் நாட்களிலும் வைத்தியர் சொன்னபடி பாவிக்க வேண்டும். மூச்சு முட்டும்போது உடனே தணிப்பது வேறு பம். எது எதற்கென்று கிளினிக்கில் கேட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பம் அடித்தும் தணியாமல், ஒரு வசனத்தை முழுதாய்ப் பேச முடியாமல் திணறினால், அல்லது உதடு நீலம் பாரித்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசில்லை.