சாளரத்துக்கு வரும் செய்தியை இடைமறித்தல்

பணத்தொகை எழுதுதற்கென்று கணினித் திரையிலே ஒரு சிறு பெட்டி இருக்கின்றது. அதில் 100 என்று பதிய வேண்டிய ஒருவர், பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிடுகின்றார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; கணக்குக்கோ அவை வேறு வேறு. பிழையைப் பின்னர் தேடித் திருத்துவதிலும், அவ்வெழுத்துப் பெட்டிக்குள் நுழையுமுன்னரே தடுத்துவிடுதல் நன்றன்றோ? அவ்வாறு தடுக்கும் வழியொன்று விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையில் உண்டு. ஆங்கிலத்தில் அதனைச் 'சப்கிளாசிங்' என்பர்.

விண்டோஸ் முறைமையிலே பெட்டி, பொத்தான், சாளரம் யாவும் செய்திகளால் இயங்குவன. விசை அழுத்தப்பட்டால் ஒரு செய்தி. சுட்டி அசைந்தால் ஒரு செய்தி. சாளரத்தை மீண்டும் வரைய வேண்டுமாயின் அதற்கும் ஒரு செய்தி. இவற்றைப் பெற்று ஆவன செய்வதற்கு ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு நடைமுறை, அதாவது செய்நிரலின் ஒரு பகுதி, உண்டு. அது நினைவகத்தில் இருக்குமிடத்தின் முகவரி சாளரத்தின் பதிவிலே குறிக்கப்பட்டிருக்கும்.

கந்தோர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கடிதங்கள் யாவும் ஒரு லிகிதரின் மேசைக்கு வருகின்றன. அவருக்கு முன்னே புதியவர் ஒருவரை அமர்த்தி, கடிதங்களை இனி அவரிடமே கொடுக்கும்படி தபாற்காரரிடம் சொல்லிவிட்டால், வேண்டாதவற்றை அவர் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை லிகிதரிடம் அனுப்புவார். லிகிதருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

இம்மாற்றத்தைச் செய்வது 'செற்விண்டோலோங்' என்னும் அழைப்பு. சாளரத்தின் அடையாளம், கழித்தல் 4 என்னும் எண், புதிய நடைமுறையின் முகவரி ஆகிய மூன்றையும் கொடுத்தால், பழைய நடைமுறையின் முகவரியை அது விடையாகத் தரும். அவ்விடையைப் பத்திரப்படுத்தாவிடின், லிகிதரின் மேசை எங்கே என்பது புதியவருக்குத் தெரியாமற் போய்விடும். சில வேளைகளில் அவ்விடை உண்மையான முகவரியாக இராது, முறைமைக்கு மட்டும் விளங்கும் குறியீடாகவும் இருக்கலாம். ஆகையால் பழைய நடைமுறையை நேரே அழைக்காமல், 'கோல்விண்டோபுரொக்' என்னும் அழைப்பின் வழியே அழைத்தல் வேண்டும். இன்னொரு செய்நிரலுக்குரிய சாளரத்தில் இம்மாற்றத்தை இவ்வழியால் செய்ய இயலாது.

பணப்பெட்டிக்கு வருவோம். எழுத்தொன்று வந்திருக்கின்றது என்னும் செய்தியின் எண் 258. எழுத்தின் குறியெண் அதனுடன் சேர்ந்தே வரும். 48 முதல் 57 வரை இலக்கங்கள், 46 புள்ளி. இவற்றை மட்டும் விட்டு ஏனையவற்றை விழுங்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். பின்சென்று அழிக்கும் விசையும் 8 என்னும் எழுத்தாகவே வருவதால், அதனை மறந்தவரின் பெட்டியில் தட்டியதை அவ்விசையால் அழிக்க முடியாது. மேலும், வேறிடத்தில் நகலெடுத்ததைப் பட்டியில் தெரிந்து ஒட்டும்போது வருவது 770 என்னும் வேறு செய்தி. முன்வாயிலைக் காத்துப் பின்வாயிலைத் திறந்துவைத்த கதையாக, 'ஓ' எழுத்து அவ்வழியே உள்ளே வந்துவிடும். இலக்கங்களை மட்டும் ஏற்கும் வசதி விண்டோஸிலேயே உண்டெனினும், அது புள்ளியை ஏற்காது. ஒட்டப்படும் எழுத்தையும் தடுக்காது.

இவ்வேலையை அசெம்பிளி மொழியிலே செய்வோருக்குப் பொறுப்பு மிகுதி. 32 பிற் விண்டோஸில் ஒவ்வொரு செய்தியோடும் நான்கு பெறுமானங்கள் அடுக்கில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 4 பைற், ஆக 16. திரும்பும்போது அவற்றை அகற்ற வேண்டியது நடைமுறையே. 'ரெட் 16' என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 'ரெட்' என்று எழுதிவிட்டால் அடுக்குக் குலைந்துவிடும். ஈபிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ, ஈபிபி என்னும் பதிவகங்களையும் பெற்றபடியே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். விடை ஈஏஎக்ஸில் வைக்கப்படும். பதிவகமொன்று கெட்டால் பிழை அவ்விடத்திலேயே தோன்றாது. தொடர்பில்லாத வேறோரிடத்தில் தலைகாட்டும். தேடுவோரின் நாள்களை விழுங்குவது இதுவே. 64 பிற் விண்டோஸில் நான்கு பெறுமானங்களும் பதிவகங்களிலேயே வருவதால் 'ரெட் 16' இல்லை. அழைப்பின் பெயரும் 'செற்விண்டோலோங்பிரர்' என்றாகும்.

அமர்வதைவிட எழுந்து போவதிலே இடர் அதிகம். ஒரே சாளரத்துக்கு முதலில் ஒருவரும் அவருக்கு முன்னே பின்னொருவரும் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் தாம் வந்தபோது இருந்த முகவரியை மீட்டுவைத்துவிட்டுப் போனால், இரண்டாமவருக்குச் செய்தியே வராது. இரண்டாமவர் பின்னர் விலகும்போது, தாம் அறிந்த முகவரியாகிய முதலாமவருடையதை வைத்துவிட்டுப் போவார். அதற்குள் முதலாமவரின் செய்நிரற்பகுதி நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தால், அடுத்த செய்தி ஆளில்லா இடத்துக்குச் செல்லும். செய்நிரல் அந்தக் கணமே வீழ்ந்துவிடும். இருவரில் எவரும் தனித்து நோக்குமிடத்துத் தவறு செய்தவரல்லர்.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பீயில் இதற்கொரு பரிகாரம் வந்தது. 'செற்விண்டோசப்கிளாஸ்' என்னும் அழைப்பைப் பயன்படுத்தினால், யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்னும் வரிசையை முறைமையே வைத்திருக்கும். எவரும் எம்முறையிலும் விலகலாம். ஆயினும் சாளரம் அழியுமுன் விலகியே ஆகவேண்டும். சாளரத்துக்கு வரும் இறுதிச் செய்தியின் எண் 130. அது வந்ததும் தன்னை வரிசையிலிருந்து நீக்கிக்கொண்டு, அச்செய்தியையும் மறவாது பழைய நடைமுறைக்கு அனுப்பிவிடுவதே வழக்கமாகக் கொள்ளப்படும் முறை.